படத்தில் எவ்வளவு விவரம் வேண்டும்?

(கண்டாச்சிபுரம் பகுதிக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு உரிய பாடம்)

ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கட்டடத்திற்குள் நுழைவோரின் கண்ணில் முதலில் படுவன கணக்குப் புத்தகங்கள் அல்ல. சுவரில் தொங்கும் படங்களே. பூச்சிகளைப் பற்றிய படம், விதை நேர்த்தியைப் பற்றிய படம், உரமிடும் முறையைப் பற்றிய படம், தவணை தவறாமையைப் பற்றிய படம் என்று அவை பலவகைப்படும். இவற்றை வாங்குவதற்கும் எழுதுவிப்பதற்கும் அச்சிடுவதற்கும் செலவாகும் பணம் அங்கத்தினர்களாகிய உங்களுடைய பணமேயாகும். விதையையும் உரத்தையும் தரம் பார்த்து வாங்கும் நாம், படத்தை மட்டும் தரம் பாராது வாங்கிவிடுகிறோம்.

கண்ணுக்கு இனிய படம் வேறு. காரியத்திற்கு உதவும் படம் வேறு. முன்னதைப் பார்த்து மகிழலாம். பின்னதைப் பார்த்தவன் தன் கொல்லைக்குச் சென்று ஒரு வேலையைச் சரியாகச் செய்தல் வேண்டும். அத்தகைய படத்தில் விவரங்கள் எவ்வளவு இருக்கவேண்டும், எவற்றைச் சேர்க்கவேண்டும், எவற்றை விலக்கவேண்டும் என்னும் ஒரு விஷயத்தையே இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. ஒரு சங்கத்தில் நிகழ்ந்தது

கண்டாச்சிபுரத்தைச் சுற்றியுள்ள புன்செய் நிலங்களில் மானாவாரியாக நிலக்கடலை பயிரிடப்படுவதை யாவரும் அறிவர். நம் பக்கத்தில் அதனை மல்லாட்டை என்கிறோம். அப்பயிருக்குப் பெரும் பகையாக இருப்பது சிவப்புக் கம்பளிப்புழு. ஒரு கொல்லையை மொட்டையாக்கிவிட்டு, வரப்பைக் கடந்து அடுத்த கொல்லைக்குக் கூட்டமாகச் செல்வது அதன் இயல்பு.

சில ஆண்டுகளுக்கு முன் நான் ஆய்வின் பொருட்டு ஒரு சங்கத்திற்குச் சென்றிருந்தேன். அச்சங்கத்தார் என் யோசனையின் பேரில் வாங்கிய ஒரு பெரிய படம் அங்கே தொங்கிற்று. ஒரு முழ நீளத்திற்குக் கம்பளிப்புழு வரையப்பட்டிருந்தது. அதன் உடலிலுள்ள மயிர்களை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். பின்புறத்தில் பூத்த செடிகளும், குன்றும், நீலவானமும், ஓர் ஓட்டு வீடும் இருந்தன. படத்தின் அழகைக் கண்டு நான் பெருமிதம் கொண்டேன். பொதுக்குழுவிற்கு வந்திருந்தவர்களை நோக்கி, "இப்படத்திலிருந்து நீங்கள் அறிந்துகொண்டது யாது?" என்று வினவினேன்.

ஓர் இளைஞர், "கம்பளிப்புழு என்று தெரிகிறது ஐயா. ஆனால் பாம்பு அளவுக்கு இருக்கிறது. நம் கொல்லையில் இவ்வளவு பெரியது வருவதில்லையே" என்றார். பலரும் நகைத்தனர். பின்வரிசையில் அமர்ந்திருந்த வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் நகைக்கவில்லை. அவர் கூறியதாவது:

"புழு இவ்வளவு வளர்ந்தபின் படம் எதற்கு ஐயா? அப்போது கொல்லையே சொல்லிவிடும். அதற்கு முந்தி எங்கே பார்க்கவேண்டும், எதைப் பார்க்கவேண்டும் என்று போட்டிருக்கக்கூடாதா?"

அவ்வாண்டில் அந்த அம்மையாருடைய கொல்லை முழுவதும் இலையின்றிக் காம்பும் குச்சியுமாய் நின்றது என்பதைப் பிறகு அறிந்தேன். பயிர்க்கடன் பெற்றுப் பயிரிட்ட நிலம் அது. படம் அவருடைய கண்ணெதிரில் பருவம் முழுவதும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அப்படத்தைப் பரிந்துரைத்தவன் நானே என்பதை இன்றும் எண்ணி வருந்துகிறேன். படத்தில் விவரம் குறைவு என்று சொல்வதற்கில்லை. அளவிற்கு மிஞ்சியே இருந்தது. ஆயினும் வேண்டிய விவரம் ஒன்றேனும் இல்லை. இப்பாடம் அந்த அம்மையார் எனக்குக் கற்பித்ததேயாகும்.

2. புழுவின் வாழ்க்கையும் படத்தின் கடமையும்

அம்மையாரின் வினா எவ்வளவு நுட்பமானது என்பதை உணர, இப்புழுவின் வாழ்க்கையைச் சிறிது அறிதல் வேண்டும்.

கம்பளிப்புழு ஆண்டின் பெரும்பகுதியைக் கூட்டுப்புழுவாக மண்ணுக்குள் கழிக்கிறது. வரப்போரங்களிலும் மரநிழலிலும் சுமார் அரையடி ஆழத்தில் அது உறங்கிக் கிடக்கும். பருவமழை பலமாகப் பெய்து மண் நனைந்தபின், அந்துப்பூச்சிகள் வெளிவருகின்றன. அவற்றின் முன்சிறகு வெண்மையானது. அதன் விளிம்பில் மஞ்சட் கோடு ஒன்று உண்டு. இரவில் விளக்கொளியை நாடி வருவது அப்பூச்சியின் குணம். தாய்ப்பூச்சி இலையின் அடிப்புறத்தில் நூற்றுக்கணக்கான முட்டைகளைக் குவியலாக இடும். இரண்டு மூன்று நாட்களில் அவை பொரிக்கின்றன. இளம்புழுக்கள் சில நாட்கள் வரையில் பிரியாமல் ஒன்றாகக் கூடி, இலையின் அடிப்புறத்தைச் சுரண்டித் தின்னும். அவ்விலை பச்சை நீங்கிச் சல்லடைபோல் தோன்றும். அதன் பின்னரே புழுக்கள் பிரிந்து, உடலெங்கும் செம்மயிர் வளர்ந்து, பயிரை அழிக்கத் தொடங்குகின்றன.

குடியானவன் எளிதிற் செய்யத்தக்க காரியங்கள் யாவும் முதற்பகுதியிலேயே அடங்கியுள்ளன. மழைக்குப்பின் விளக்குப்பொறி வைத்துப் பூச்சிகளைக் கவர்ந்து அழிக்கலாம். முட்டைக் குவியலோடும் இளம்புழுக் கூட்டத்தோடும் உள்ள இலைகளைக் கிள்ளி எடுத்து அழிக்கலாம். ஓர் இலையைக் கிள்ளும்போது நூற்றுக்கணக்கான புழுக்கள் ஒழிகின்றன. புழு வளர்ந்து பரவியபின், கொல்லையைச் சுற்றிப் பள்ளம் வெட்டி அதன் படையெடுப்பைத் தடுக்க வேண்டியதாகும். அதற்குக் கூலியும் உழைப்பும் மிகுதி.

ஆகவே, அந்தச் சுவர்ப்படம் காட்டியிருக்க வேண்டியவை மூன்று. முதலாவது, விளக்கருகே மஞ்சள் விளிம்புடைய வெண்சிறகுப் பூச்சி. இரண்டாவது, இரு விரல்களாற் புரட்டிப் பிடித்த மல்லாட்டை இலையும், அதன் அடிப்புறத்தில் முட்டைக் குவியலும். மூன்றாவது, சல்லடையான இலை. இவற்றுள் இரண்டாவது படத்திலுள்ள விரல்கள் அலங்காரத்திற்காக வரையப்படுவன அல்ல. இலையைப் புரட்டிப் பார்க்கவேண்டும் என்பதையும், முட்டைக் குவியலின் உண்மையான பருமனையும் அவ்விரல்கள் ஒருங்கே அறிவிக்கின்றன. புழுவின் மயிரை எண்ணிக் காட்டிய ஓவியர் இவ்விரண்டு விரல்களை வரைந்திருப்பாராயின், அம்மையாரின் கொல்லை தப்பியிருக்கலாம்.

இதிலிருந்து கிடைக்கும் முதல் விதி: பார்ப்பவன் எந்த வேலையைச் செய்யவேண்டுமோ, அந்த வேலைக்கு வேண்டிய விவரமே படத்திற்கு வேண்டிய விவரம்.

3. விவரம் குறைந்தாலும் தீங்கே

மேற்கூறியதைக் கேட்டுச் சிலர், படத்தை எவ்வளவு எளிமையாக்கினாலும் நன்மையே என்று எண்ணக்கூடும். அதுவும் தவறு. அதற்கும் நிலக்கடலையிலேயே உதாரணம் உண்டு.

நிலக்கடலை இலையில் தோன்றும் நோய்களுள் டிக்கா என்னும் இலைப்புள்ளி நோயும், துருநோயும் முக்கியமானவை. இலைப்புள்ளியில் முன்பருவம், பின்பருவம் என இருவகை உண்டு. முன்பருவப் புள்ளி பழுப்பு நிறமாய், தன்னைச் சுற்றி மஞ்சள் வளையம் கொண்டிருக்கும். பின்பருவப் புள்ளி இலையின் அடிப்புறத்தில் ஏறக்குறையக் கறுப்பாகவே காணப்படும். துருநோயிலோ, அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறமான சிறு கொப்புளங்கள் தோன்றும். அவை வெடித்து இரும்புத் துருவைப் போன்ற பொடியை உதிர்க்கும்.

இம்மூன்றையும் வண்ணத்தில் காட்டும் நல்ல படம் ஒன்றைக் கறுப்பு வெள்ளையில் நகலெடுத்து அங்கத்தினர்களுக்கு வழங்குவதாக வைத்துக்கொள்வோம். செலவு குறையும், ஆனால் மஞ்சள் வளையமும், செம்மஞ்சட் கொப்புளமும், கறுப்புப் புள்ளியும் ஒரே வகைப் புள்ளிகளாகிவிடும். இலைப்புள்ளி நோய்க்குப் பலன் தரும் கார்பண்டசிம் என்னும் மருந்து துருநோய்க்குப் பலன் தருவதில்லை. நகலைப் பார்த்து மருந்து வாங்கியவன் பணத்தையும் இழப்பான். நோயைத் தடுக்கவேண்டிய நாட்களையும் இழப்பான். இங்கே நிறம் என்பது அழகு அன்று, அதுவே செய்தியாகும்.

இதனால் இரண்டாவது விதி பெறப்படுகிறது: ஒரு பொருளை அதனோடு மயங்கத்தக்க மற்றொரு பொருளினின்று பிரித்துக்காட்டும் விவரத்தை எக்காரணத்தாலும் விடலாகாது.

4. புலப்படம் கற்பிக்கும் பாடம்

நாம் அடிக்கடி கையாளும் ஒரு படம் உண்டு. நிலத்தின் பேரில் கடன் பெறும்போதும், பாகப்பிரிவினையின்போதும், வரப்புத் தகராற்றின்போதும் அதைத் தேடுகிறோம். அதுவே நில அளவை இலாகாவாரின் புலப்படம். எவ்வளவு விவரம் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் படம் நம் கிராமத்தில் வேறில்லை.

புலப்படத்தில் பயிரின் பசுமை இல்லை. மரத்தின் நிழல் இல்லை. எல்லைக் கோடுகளும், எல்லைக் கற்களும், நிலத்தை முக்கோணங்களாகப் பிரிக்கும் குறுக்குக் கோடுகளும், அவற்றின் அளவுகளும், அண்டை நிலங்களின் எண்களும் உள்ளன. அந்நிலத்தை மீண்டும் அளந்து எல்லையை நிறுவுவதற்கு இவை போதுமானவை. பழைய புலப்படங்களில் அளவுகள் சங்கிலிக் கண்ணிகளில் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு சங்கிலி 66 அடி. அதில் 100 கண்ணிகள். 1,000 சதுரக் கண்ணிகள் ஒரு சென்டு. அடிக்கோடு 400 கண்ணியும் உயரம் 150 கண்ணியும் உடைய ஒரு முக்கோணத்தின் பரப்பு, 400-ஐ 150-ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் 30,000 சதுரக் கண்ணிகள். அதாவது 30 சென்டு. இரண்டு கோடுகளிலிருந்து நிலத்தின் பரப்பை ஒரு குடியானவன் தானே கணக்கிட்டுவிடலாம்.

அப்படியானால் மற்ற விவரங்கள் வேண்டாமா எனின், அவை வேறிடங்களில் உள்ளன. நிலத்தின் வகையும் தீர்வையும் 'அ' பதிவேட்டில் உள்ளன. எப்பருவத்தில் என்ன பயிர் என்பது அடங்கலில் உள்ளது. பாதைகளும், ஏரிகளும், வாய்க்கால்களும், புல எண்களின் அமைப்பும் கிராம வரைபடத்தில் உள்ளன. எல்லாவற்றையும் ஒரே தாளில் அடைத்திருந்தால், எல்லைக் கல்லைத் தேடுகிறவனுக்கு அது காணக் கிடைத்திராது.

ஓர் ஏட்டில் உயிரான விவரம் மற்றோர் ஏட்டில் வீணான விவரமாகும் என்பதற்குக் கடல் கடந்த உதாரணம் ஒன்றும் கூறலாம். லண்டன் மாநகரில் நிலத்தடி ரயில் பாதைகளுக்கு முன்னாளில் வெளியிட்ட படங்கள், தூரங்களையும் வளைவுகளையும் உள்ளபடியே காட்ட முயன்றன. நகரின் நடுவில் நிலையங்கள் நெருங்கி, எழுத்துகளைப் படிப்பதே கடினமாயிற்று. ஹாரி பெக் என்னும் படவரைவாளர் 1931-இல் புதிய படம் ஒன்றை வரைந்தார். 1933-இல் அது பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. நேர்கோடுகளையும் சாய்கோடுகளையும் மட்டுமே கொண்டு, உண்மையான தூரங்களைக் கைவிட்டு, தேம்ஸ் நதியை மாத்திரம் அடையாளத்திற்காக அவர் வைத்துக்கொண்டார். பிரயாணிக்கு வேண்டியது அடுத்த நிலையம் எது, எங்கே வண்டி மாறவேண்டும் என்பதேயாம். நம் புலப்படத்திலோ தூரமே உயிர். அதை நீக்கினால் படம் வெற்றுத்தாளாகும். ஆகையால், "விவரம் அதிகமா, குறைவா?" என்று பொதுவாக வினவுவதில் பயனில்லை, "எந்த வேலைக்கு?" என்றே வினவுதல் வேண்டும்.

மூன்றாவது விதி: ஒரு படத்திற்கு ஒரு வேலை. இரண்டு வேலைகள் இருப்பின், இரண்டு படங்கள் வேண்டும்.

5. மருந்துப் புட்டியின் சதுரம்

சங்கத்தின் மூலம் பூச்சிமருந்து வாங்குவோர் யாவரும் அதன் சீட்டில் மூலையில் நிற்கும் ஒரு சதுரத்தைக் கண்டிருப்பர். 1968-ஆம் ஆண்டின் பூச்சிமருந்துச் சட்டத்தின்கீழ் 1971-இல் ஏற்பட்ட விதிகள் இதனை வகுத்தன. சதுரத்தின் கீழ்ப்பாதியிலுள்ள நிறம் நஞ்சின் கடுமையை அறிவிக்கும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் அதற்கடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை கடுமை குறைந்தது. சிவப்பில் மட்டும் மண்டையோடும் எலும்புகளும் வரையப்பட்டிருக்கும்.

மண்டையோட்டைக் காண்பவன் எழுத்தறியாவிடினும் அபாயத்தை உணர்கிறான். பச்சை நிறத்திலோ அத்தகைய உருவம் ஏதுமில்லை. கடையில் வாங்கும் தின்பண்டப் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி சைவ உணவைக் குறிக்கிறது. அவ்வழக்கத்தில் பழகிய ஒருவன், மருந்துப் புட்டியின் பச்சையைக் கண்டு தீங்கற்றது என்று எண்ணிவிடக்கூடும். பச்சை முக்கோணம் கடுமை குறைந்த நஞ்சைக் குறிக்கிறதேயன்றி, நஞ்சன்மையைக் குறிப்பதில்லை. கையுறையும் முகக்கவசமும் இன்றி அதனைத் தெளிக்கலாகாது. குழந்தைகளுக்கு எட்டும் இடத்தில் வைக்கலாகாது. ஆதலின், நிறத்தை மாத்திரம் நம்பும் குறியீடுகளை வாயாலும் கற்பித்தல் அவசியம். மருந்து வழங்கும்போதெல்லாம் அச்சதுரத்தைச் சுட்டிக்காட்டி விளக்குவதைக் காரியதரிசிகள் தம் கடமையாகக் கொள்ளவேண்டும்.

நான்காவது விதி: தானாக விளங்காத குறியீட்டைக் கற்பித்த பின்னரே பயன்படுத்தவேண்டும்.

6. நேபாள நாட்டில் நடத்திய சோதனை

இவ்விஷயத்தை நேரில் சோதித்துப் பார்த்தவர்களும் உளர். நேபாள நாட்டில் 1976-இல் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியாகிய யுனிசெப்பின் ஆதரவில், நானூறுக்கு மேற்பட்ட கிராமவாசிகளிடம் பலவகைப் படங்களைக் காட்டி, அவர்கள் அவற்றில் என்ன கண்டனர் என்று கேட்டறிந்தனர். ஒரே பொருளைப் புகைப்படமாகவும், பின்புறத்தை நீக்கிய புகைப்படமாகவும், நிழல்தீட்டிய சித்திரமாகவும், வெறுங்கோட்டுச் சித்திரமாகவும், நிழலுருவாகவும், மிகச் சுருக்கிய குச்சியுருவாகவும் காட்டினர்.

சாயல் வேறுபாட்டோடு நிழல்தீட்டிய சித்திரமே மக்களுக்கு மிக நன்றாக விளங்கிற்று. யாவும் நிறைந்த முழுப் புகைப்படத்தைக் காட்டிலும் பின்புறம் நீக்கிய புகைப்படம் எளிதில் விளங்கிற்று. மிகச் சுருக்கிய உருவமோ எல்லாவற்றிலும் பின்தங்கிற்று. அதாவது, மிகுதியும் தவறியது, குறைவும் தவறியது. மேலும், ஒன்றன்பின் ஒன்றாக வைத்த படங்களை இடமிருந்து வலமாகத் தொடர்கதையாகப் பார்க்கவேண்டும் என்பது பலருக்குத் தோன்றவேயில்லை. பள்ளிப் புத்தகங்களில் பழகியவர்களுக்கு இயல்பாகத் தோன்றும் இவ்வழக்கம், பழகாதவர்களுக்குக் கற்பிக்கவேண்டிய ஒன்றாகும்.

ஒரு படம் விளங்காமற்போனால் பார்ப்பவரை அறிவற்றவர் என்று பழிப்பது நம்மிடையே உள்ள வழக்கம். அச்சோதனை அவ்வழக்கத்தைக் கண்டிக்கிறது. விளங்காமை பெரும்பாலும் படத்தின் குற்றமே.

7. படம் எழுதுவிக்கும் முன் செய்யவேண்டியவை

சங்கத்தின் நிர்வாக சபையார் சுவர்ப்படமோ, துண்டுத்தாளோ தயாரிக்கும்போது கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்வார்களாக.

(அ) படத்தைப் பார்த்தவர் செய்யவேண்டிய வேலையை ஒரே வாக்கியத்தில் முதலில் எழுதுக. அவ்வாறு எழுத இயலாவிடின், படம் எழுதுவிக்கும் காலம் இன்னும் வரவில்லை என்று அறிக.

(ஆ) அவ்வேலைக்கு உதவாத வானம், குன்று, பூச்செடி, தலைவர்களின் உருவம் முதலியவற்றை நீக்குக.

(இ) பொருளை உண்மைப் பருமனில் காட்டுக. பெரிதாக்கிக் காட்டுவது அவசியமாயின், அருகே உண்மைப் பருமனையும் வரைந்து, விரல், தீக்குச்சி, நாணயம் போன்ற யாவரும் அறிந்த ஒன்றை உடன் வைத்துக் காட்டுக.

(ஈ) படங்கள் பல இருப்பின் 1, 2, 3 என்று பெரிதாக எண்ணிடுக.

(உ) நம் நிலத்திலுள்ள செடியையும் கருவியையும் வரைவிக்க. வேற்று நாட்டுக் கலப்பையைக் கண்டவுடன், "இது நமக்கன்று" என்று குடியானவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

(ஊ) பயிர் விஷயமாயின், அச்சிடுமுன் வேளாண்மை இலாகாவாரிடமோ, திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தாரிடமோ காட்டிப் பிழை திருத்திக்கொள்க.

(எ) கடைசியாக, கரிக்கோலால் வரைந்த மாதிரியைப் பத்து அங்கத்தினர்களிடம் தனித்தனியே காட்டுக. அவர்களுள் எழுத்தறியாதவரும் பெண்களும் இருத்தல் வேண்டும். "விளங்குகிறதா?" என்று கேட்கவேண்டாம், மரியாதைக்காக யாவரும் "விளங்குகிறது" என்றே விடையளிப்பர். "இதில் என்ன பார்க்கிறீர்கள்? பார்த்தபின் என்ன செய்வீர்கள்?" என்று கேட்க. அவர்கள் விடைக்கு ஏற்பப் படத்தைத் திருத்துக, பிறகே அச்சிடுக.

இவற்றுள் கடைசி விதியே தலையாயது. அதற்குச் செலவு ஒரு தாளும் ஒரு மாலைப்பொழுதுமே.

8. முடிவுரை

படத்தால் அறிவிக்கும் முறை நமக்குப் புதியதன்று. நம் மாவட்டத்துக் கீழ்வாலைப் பாறைகளில் பழங்காலத்தார் செங்காவியால் மனிதரையும் விலங்கையும் தீட்டி வைத்திருக்கின்றனர். சில கோடுகளே அவ்வுருவங்கள். எனினும் இது மனிதன், இது விலங்கு என்பது இன்றும் விளங்குகிறது. சில கோடுகளில் பொருளை உணர்த்தும் திறமை நம் மண்ணில் தொன்மையானது. அதைச் சங்கத்தின் காரியத்திற்கும் பயன்படுத்துவோமாக.

நான் மேலே கூறிய சங்கத்தில் இப்போது வேறு படம் தொங்குகிறது. உள்ளூர்ப் பள்ளி மாணவர் ஒருவர் வரைந்தது அது. புரட்டிய இலையும், இரண்டு விரல்களும், முட்டைக் குவியலும் தவிர அதில் வேறொன்றுமில்லை. அழகில் அது பழைய படத்திற்கு ஈடாகாது. ஆனால் முதல் மழை பெய்த வாரத்தில் அங்கத்தினர்கள் அதைப் பார்த்துவிட்டுக் கொல்லைக்குச் சென்று இலைகளைப் புரட்டிப் பார்க்கின்றனர். அவ்விலையை எப்படிப் பிடித்து வரையவேண்டும் என்று மாணவருக்குக் காட்டிக்கொடுத்தவர், அன்று பின்வரிசையிலிருந்து வினவிய அந்த அம்மையாரே ஆவார்.

சங்கக் கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நம் சங்கச் சுவரில் உள்ள படங்கள் எத்தனை? ஒவ்வொன்றையும் பார்த்தவர் செய்யவேண்டிய வேலை யாது?

2. அவற்றுள் எந்தப் படத்தில் வேண்டாத விவரம் மிகுந்துள்ளது? எதில் வேண்டிய விவரம் இல்லை?

3. ஒரு முக்கோண நிலத்தின் அடிக்கோடு 300 கண்ணி, உயரம் 120 கண்ணி. பரப்பு எத்தனை சென்டு? (விடை: 18 சென்டு.)

4. மருந்துப் புட்டியிலுள்ள நான்கு நிறங்களின் பொருள் யாது? உங்கள் வீட்டார் யாவரும் அதனை அறிவார்களா?